தேதி கேட்டால் மாசி மகம் வரும்

கடலூர் திருப்பாதிரிப்புலியூரில் எங்கள் வீட்டு மாடியில் தினமும் சாயங்காலம் நான்கு பெண்கள் உட்கார்ந்து படிக்கிறார்கள். மூன்று பேர் பி.எஸ்சி. நர்சிங், ஒருத்தி டிப்ளமோ. செவிலியர் பணித் தேர்வுக்குத் தயாராகிறார்கள். நான் அந்தத் தேர்வை இரண்டு தடவை எழுதியவள். இப்போது இந்த மாவட்டத்தில் ஒரு ஆரம்ப சுகாதார நிலையத்தில் வேலை பார்க்கிறேன். டியூட்டி முடிந்து வந்ததும் அவர்களோடு ஒரு மணி நேரம் உட்காருவேன்.

போன வாரம் அவர்களில் சின்னவள் கேட்டாள்: "அக்கா, கம்யூனிட்டி ஹெல்த்தைக் கடைசி வாரத்துல பாத்துக்கலாமா? அதுல ஒண்ணும் பெருசா இல்லைன்னு சொல்றாங்க."

நான் பதில் சொல்ல ஆரம்பித்தபோது கரண்ட் போய்விட்டது, பேச்சு பாதியில் நின்றுவிட்டது. மீதியை இங்கே எழுதுகிறேன். அவளைப் போலப் படிக்கிற நிறைய பேர் என் நட்பு வட்டத்தில் இருக்கிறீர்கள்.

அந்தக் கேள்வி அவளாக யோசித்தது இல்லை. நான் முதல் தடவை தயாரானபோது பாண்டியில் ஒரு கோச்சிங் சென்டருக்கு தினமும் பஸ்ஸில் போய் வந்தேன். அங்கேயும் இதையேதான் சொன்னார்கள். மெடிக்கல் சர்ஜிகல், ஓ.பி.ஜி. (பிரசவம், பெண்கள் நலம்), மருந்துக் கணக்கு, இதெல்லாம்தான் கனமான பாடம். சமுதாய நலச் செவிலியம், அதாவது கம்யூனிட்டி ஹெல்த், மனப்பாடப் பகுதி. சமவெளியில் துணை சுகாதார நிலையத்துக்கு 5,000 பேர், மலைப்பகுதியில் 3,000. ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு 30,000, மலையில் 20,000. சுகாதார அமைப்பைப் பற்றிய போர் (Bhore) கமிட்டி அறிக்கை 1946, ஆரம்ப சுகாதாரத்துக்கான அல்மா அட்டா மாநாடு 1978. ஒரு தாளில் எழுதி வைத்து முந்தின ராத்திரி பார்த்தால் போதும் என்றார்கள். நானும் அப்படியே செய்தேன். தேர்வில் கேள்விகள் வேறு விதமாக வந்தன. ஒரு குழந்தையை, ஒரு கர்ப்பிணியைக் காட்டி, முதலில் என்ன செய்வாய் என்று கேட்டன. என் தாளில் இருந்த எண்கள் அங்கே உதவவில்லை. அந்தத் தடவை நான் தேறவில்லை.

அது எனக்கு முழுதாகப் புரிந்தது வேலைக்கு வந்த பிறகுதான். ஒரு நாளை மட்டும் சொல்கிறேன்.

2025 மே மாதம், ஒரு செவ்வாய்க்கிழமை. கர்ப்பிணிகள் வரும் நாள். கடலோரக் குப்பத்திலிருந்து ஒரு பெண்ணை வி.எச்.என். (கிராம சுகாதார செவிலியர்) அக்கா கூட்டி வந்திருந்தார். முதல் கர்ப்பம், இருபத்தோரு வயது இருக்கும். கடைசி மாதவிடாயின் முதல் நாள் வேண்டும், அதை வைத்துத்தான் பிரசவத் தேதி கணக்கிட வேண்டும். புத்தகத்தில் இது இரண்டு வரி: முதல் நாளோடு ஒன்பது மாதம், ஏழு நாள் கூட்டு. தேர்வில் கண்ணை மூடிக்கொண்டு போடுகிற கணக்கு, ஏனென்றால் தேதியைக் கேள்வியிலேயே கொடுத்துவிடுவார்கள்.

"எல்.எம்.பி. என்னம்மா?" என்று கேட்டேன். விழித்தாள். "கடைசியா பீரியட்ஸ் வந்த தேதி?" என்றேன். "தேதியெல்லாம் தெரியாது சிஸ்டர்" என்றாள். நான் பேனாவை வைத்துவிட்டு, ஸ்கேன் எடுத்துப் பார்த்துக்கொள்ளலாம் என்று நினைத்தேன்.

அக்கா நாற்காலியை இழுத்து அவள் பக்கத்தில் போட்டார். "கடைசியா எப்போம்மா தலைக்கு ஊத்துன? மாசி மகத்துக்குப் போனியா?"

"இல்லக்கா. எங்க வீட்ல எல்லாரும் தேவனாம்பட்டினம் போனாங்க, சாமி பாக்க. நான் மட்டும் போவல, வீட்டுலயே இருந்துட்டேன்."

"அன்னிக்கு மொத நாளா, ரெண்டாம் நாளா?"

"ரெண்டாம் நாள்க்கா. மொத நாளு மதியானம்தான் ஆச்சி."

மாசி மகம் அந்த வருஷம் மார்ச் 12. அப்படியென்றால் முதல் நாள் மார்ச் 11, பிரசவத் தேதி டிசம்பர் 18. அன்றைக்கு அவளுக்கு ஒன்பது வாரம். பின்னால் எடுத்த ஸ்கேனும் கிட்டத்தட்ட அதையேதான் சொன்னது. அக்கா அட்டையில் எழுதி முடித்துவிட்டு என்னிடம் மெதுவாகச் சொன்னார்: "தலைக்கு ஊத்துன நாளை மட்டும் கேட்டு எழுதிடாதே. சில வீட்ல மொத நாளே ஊத்திப்பாங்க, சில வீட்ல மூணாம் நாள். எத்தனாவது நாள்னு கேட்டாதான் கணக்கு சரியா வரும்."

இரண்டு வரிப் பாடத்துக்குள் இவ்வளவு இருக்கிறது. அதைக் கேட்டு வாங்கத் தெரிந்தவர் அந்த அறையில் அக்கா ஒருவர்தான். அவர் தன் துணை சுகாதார நிலையத்துக்குள் வரும் ஐயாயிரம் பேரின் திருவிழாக்களையும் தெரிந்து வைத்திருக்கிறார்.

அன்றிலிருந்து ஒரு நோட்டுப் போட்டு எழுதுகிறேன். இடது பக்கம் பாடத்தில் இருக்கும் வார்த்தை, வலது பக்கம் வாசலில் வந்து நிற்பவர் சொல்லும் வார்த்தை. மாடியில் படிக்கிறவர்களையும் இப்படித்தான் எழுதச் சொல்கிறேன். தேர்வுக்கு இதைவிட நல்ல முறை எனக்குத் தெரியாது.

எட்டாம் மாதக் கர்ப்பிணி வருகிறாள். "நெஞ்சுக்குழி வலிக்குது சிஸ்டர், கேஸ் மாத்திரை குடுங்க" என்கிறாள். பாடத்தில் அது எபிகாஸ்ட்ரிக் பெயின். ரத்த அழுத்தம் எகிறி வலிப்பு வருவதற்கு முன்னால் வரக்கூடிய அறிகுறி. "கண்ணுல பூச்சி பறக்குது" என்பதும், "மண்டை விண்ணுவிண்ணுன்னு தெறிக்குது" என்பதும் அதே பக்கத்தில்தான் இருக்கின்றன. பிரஷர் பட்டையைச் சுற்றாமல், 140/90-ஐத் தொட்டிருக்கிறதா, தாண்டியிருக்கிறதா, சிறுநீரில் உப்பு (புரதம்) இருக்கிறதா என்று பார்க்காமல் மாத்திரை டப்பாவைத் திறக்கவே கூடாது. வலிப்பு வந்தால் பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பும் முன் மெக்னீசியம் சல்பேட் முதல் டோஸ், பிட்டத்தில் ஒவ்வொரு பக்கமும் 5 கிராம், ஆழமாகத் தசையில். இந்த எண் நான்கு பேருக்கும் மனப்பாடம். ஆனால் "கேஸ் மாத்திரை" என்று கேட்டால் இந்த எண் ஞாபகத்துக்கு வர வேண்டும். அதற்குத்தான் இந்த நோட்டு.

குழந்தைகள் விஷயத்தில் இன்னும் கவனம் வேண்டும். "உரம் விழுந்திருக்கு", "தோஷம் பட்டிருக்கு" என்று தூக்கி வருவார்கள். அந்தச் சொல்லைக் கேட்டதும் முகம் சுளிக்கிற சிஸ்டர்களைப் பார்த்திருக்கிறேன். அது எனக்குப் பிடிக்காது. அந்தப் பாட்டி ஏதோ ஒன்றைக் கண்ணால் பார்த்துத்தான் அந்தப் பேரைச் சொல்கிறார். என்ன பார்த்தீர்கள் என்று கேட்டால் சொல்லிவிடுவார்: பச்சையாகப் போகிறது, உச்சிக்குழி உள்ளே போயிருக்கிறது, பால் குடிக்கவில்லை, தூங்கிக்கொண்டே இருக்கிறது. பச்சையாகப் போவதைத் தவிர, மற்றவை நீர்ச்சத்து இழப்புக்குப் பாடத்தில் இருப்பவைதானே. உப்பு சர்க்கரைக் கரைசல் பாக்கெட் கொடுக்கும்போது ஒரு லிட்டர் என்று வாயால் சொன்னால் போதாது. ஒரு பாக்கெட்டை நாலாகப் பிரித்து டம்ளரில் கலக்குகிற வீடுகள் இருக்கின்றன. ஒரு லிட்டர் தண்ணீர் பாட்டிலைக் கையில் எடுத்துக் காட்ட வேண்டும். கூடவே துத்தநாக மாத்திரை, வயிற்றுப்போக்கு நின்றாலும் 14 நாளும் கொடுக்க வேண்டும் என்று சொல்லி அனுப்ப வேண்டும்.

மூச்சு எண்ணுவதும் அப்படித்தான். இரண்டு மாதத்துக்குக் கீழே நிமிடத்துக்கு 60, ஒரு வயது வரை 50, ஐந்து வயது வரை 40. அந்த எண்ணைத் தொட்டாலோ தாண்டினாலோ வேகமான மூச்சு. இதைத் தாளில் எழுதிப் பார்ப்பதைவிட, பக்கத்து வீட்டுக் குழந்தை தூங்கும்போது சட்டையைத் தூக்கிவிட்டு, கடிகாரத்தைப் பார்த்து ஒரு நிமிடம் முழுதாக எண்ணிப் பாருங்கள். அரை நிமிடம் எண்ணி இரண்டால் பெருக்க வேண்டாம். ஒரு தடவை எண்ணிவிட்டால் அந்த எண் மறக்காது. "விலாவுல குழி விழுது" என்று ஒரு அம்மா சொன்னால், எண்ணி முடித்ததும் டாக்டரைக் கூப்பிடுங்கள்.

தடுப்பூசிப் பாடத்துக்கும் இதையே சொல்வேன். தடுப்பூசியை 2 முதல் 8 டிகிரி குளிரில் வைக்க வேண்டும் என்று எல்லாருக்கும் தெரியும். கண்டிஷண்டு ஐஸ்பேக் என்றால் என்ன என்று மாடியில் கேட்டேன், நான்கு பேரும் புத்தக வாக்கியத்தைச் சொன்னார்கள். வீட்டு ஃபிரீசரிலிருந்து ஒரு ஐஸ்பேக்கை எடுத்து வெளியே வைத்து, வியர்க்க விட்டு, ஒவ்வொருத்தி காதிலும் வைத்து ஆட்டினேன். உள்ளே தண்ணீர் சலசலத்தது. அந்தச் சத்தம் வந்த பிறகுதான் அதைத் தடுப்பூசிப் பெட்டிக்குள் வைக்கலாம். அவசரப்பட்டு கெட்டியாக வைத்தால் பென்டாவேலன்ட், ஹெபடைட்டிஸ் பி போன்றவை உறைந்து வீணாகும்.

அப்புறம் தமிழ்த் தகுதித் தேர்வு. தமிழ்நாட்டு அரசு வேலைக்கு அதில் 40 சதவீதம் எடுத்தால்தான் மற்றத் தாளைத் திருத்துவார்கள் என்பதால் எல்லாரும் பயந்து படிக்கிறார்கள், தாண்டியதும் மறந்துவிடுகிறார்கள். அது பத்தாம் வகுப்புத் தரம், இலக்கணம், செய்யுள் எல்லாம் வரும். தப்பில்லை. ஆனால் செவிலியர்களுக்கு அந்தத் தாளில் பத்துக் கேள்வியாவது நோயாளியின் தமிழிலிருந்து கேட்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. "கிறுகிறுன்னு வருது" என்றால் என்ன, "மேலெல்லாம் முறுக்குது" என்றால் எதைச் சோதிப்பாய், "தண்ணி போவுது" என்று ஒன்பதாம் மாதத்தில் சொன்னால் அடுத்த கேள்வி என்ன? நாம் படிப்பு முழுவதையும் ஆங்கிலத்தில் படிக்கிறோம், வேலை முழுவதையும் தமிழில் செய்கிறோம். இரண்டுக்கும் நடுவில் பாலம் கட்டிக்கொடுக்க ஒரு பாடவேளைகூட எனக்குக் கல்லூரியில் கிடைக்கவில்லை.

அதனால் சின்னவளுக்கு என் பதில்: சமுதாய நலச் செவிலியத்தை முதல் வாரத்தில் எடு. ஓ.பி.ஜி.யும் குழந்தை நலமும் அதற்குள்ளேயே பாதி வந்துவிடும். சனிக்கிழமை மாதிரித் தேர்வு எழுதாவிட்டால் பரவாயில்லை, உங்கள் ஊர் வி.எச்.என். அக்காவிடம் அனுமதி கேட்டு ஒரு புதன்கிழமை தடுப்பூசி முகாமில் போய் உட்கார். வாயைத் திறக்காமல் கேட்டுக்கொண்டிரு. கேட்டதை நோட்டில் எழுது.

என் நோட்டில் இப்போது இருபத்தேழு பக்கம் நிரம்பியிருக்கிறது. வயிற்றில் குழந்தையின் அசைவு குறைவதைப் பற்றிய பக்கத்தில் வலது பக்கம் ஒரே ஒரு வரிதான் இருக்கிறது: "புள்ள சோம்பிப் போயிருக்கு." பரங்கிப்பேட்டை, விருத்தாசலம், பாகூர், திண்டிவனம் பக்கம் வேலை பார்க்கிற சிஸ்டர்களே, உங்கள் பக்கத்தில் பெண்கள் இதை எப்படிச் சொல்கிறார்கள்? கீழே எழுதுங்கள், இன்றைக்குச் சாயங்காலமே மாடியில் படித்துக்காட்டுகிறேன்.