“செல்லுமாண்ணே?”

போன டிசம்பரில் ஒரு ராத்திரி பத்தரை மணிக்குச் சித்தி மகன் போன் செய்தான். டிப்ளமோ முடித்துவிட்டு ஓசூரில் பத்து வருஷமாக வேலை பார்க்கிறவன். சூப்பர்வைசர் ஆக டிகிரி கேட்கிறார்களாம். பஸ் ஸ்டாண்டு பக்கத்தில், ஜெராக்ஸ் கடை மாடியில் இருக்கும் ஒரு ஸ்டடி சென்டரில் எழுபதாயிரம் கட்டினால் ‘ஒன் சிட்டிங்’ பி.காம். கிடைக்குமாம். மூன்று வருஷப் பரீட்சையையும் ஒரே மூச்சில் எழுதிவிடலாம். கேட்டது ஒரே கேள்விதான்: “செல்லுமாண்ணே?”

நான் ஒரு கம்பெனியில் பதினோரு வருஷமாகச் சான்றிதழ் சரிபார்க்கிறேன். இந்தக் கேள்வியைக் கேட்டுக் கேட்டுக் காது புளித்துவிட்டது. “அங்கே பாடம் நடத்துவாங்களா?” என்று இதுவரை ஒருத்தரும் கேட்டதில்லை. ரூபாய் நோட்டைத் தூக்கி வெளிச்சத்தில் பார்க்கிற மாதிரிதான் பட்டத்தையும் பார்க்கிறோம்.

சரி, அதையே முதலில் பேசுவோம். இந்தியாவில் ஒரு பட்டம் செல்ல வேண்டுமென்றால், அதைத் தருகிற இடம் நாடாளுமன்றமோ சட்டமன்றமோ இயற்றிய சட்டத்தால் உருவான பல்கலைக்கழகமாக இருக்க வேண்டும். அல்லது பல்கலைக்கழகத்துக்குச் சமம் என்று மத்திய அரசு அறிவித்த நிகர்நிலைப் பல்கலைக்கழகமாகவோ, பட்டம் தர நாடாளுமன்றம் தனியாக அதிகாரம் கொடுத்த நிறுவனமாகவோ இருக்க வேண்டும். 1956ஆம் ஆண்டு பல்கலைக்கழக மானியக் குழு (யுஜிசி) சட்டத்தின் 22ஆம் பிரிவு சொல்வது இவ்வளவுதான். மீறினால் என்ன தண்டனை தெரியுமா? 24ஆம் பிரிவு எழுதி வைத்திருக்கும் அபராதம் ஆயிரம் ரூபாய் வரை. எழுபதாயிரத்துக்குப் பட்டம் விற்கிறவன் டீச்செலவில் கட்டிவிட்டுப் போவான்.

யுஜிசி அவ்வப்போது போலிப் பல்கலைக்கழகப் பட்டியல் வெளியிடுகிறது. 2023 ஆகஸ்ட் பட்டியலில் 20 பெயர்கள், அதில் 8 தலைநகர் டெல்லியிலேயே. அந்தப் பட்டியலில் பெயர் இல்லை என்பதையே ஒரு தகுதி போலச் சொல்லிக்கொண்டு என் மேசைக்கு வருகிறவர்கள் உண்டு. மாட்டிக்கொண்டவர்களின் பெயர்தான் அதில் இருக்கும் என்று ஒவ்வொருவருக்கும் விளக்க வேண்டியிருக்கிறது.

தொலைநிலைக் கல்வியில் இன்னொரு சிக்கல். பல்கலைக்கழகம் அசலாகவே இருந்தாலும் தபால் வழியில் நடத்தத் தனி அனுமதி வேண்டும். ‘கரஸ்’ என்றாலே நம் ஊரில் எல்லோருக்கும் நினைவுக்கு வருவது அண்ணாமலைப் பல்கலைக்கழகம். 1929இல் தொடங்கியது. அதற்கே தொலைநிலை அனுமதி 2014-15 வரைதான் இருந்தது என்று 2022 மார்ச்சில் யுஜிசி பொது அறிவிப்பு கொடுத்தது. ஆகவே அசல் பெயரைப் பார்த்து மட்டும் பணம் கட்டாதீர்கள். சேரப் போகிற பாடத்துக்கு, சேரப் போகிற வருஷத்துக்கு அனுமதி இருக்கிறதா என்று யுஜிசியின் தொலைநிலைக் கல்விப் பிரிவுத் தளத்தில் பாருங்கள். ஐஎஸ்ஓ முத்திரையைக் காட்டினால் சிரித்துவிட்டு எழுந்து வந்துவிடலாம். அது பட்டம் தர உரிமை தருகிற முத்திரை அல்ல.

இதுவரை சொன்னது ‘செல்லுமா’ பற்றி. ஆனால் செல்வதெல்லாம் நிஜமா? இங்கேதான் எனக்கு நம் ஆட்களோடு சண்டை.

இமாச்சலப் பிரதேசத்தின் சோலனில் மானவ் பாரதி பல்கலைக்கழகம் 2009இல் முறையாக மாநிலச் சட்டத்தின் கீழ் வந்தது. அது கொடுத்த சுமார் 41,000 பட்டங்களில் 36,000 போலி என்றது விசாரணைக் குழு. சட்டப்படி பிறந்த பிள்ளைதான், செய்ததோ கள்ள வியாபாரம். சத்தீஸ்கர் கதை இன்னும் விசேஷம். 2002இல் அந்த மாநிலம் கொண்டுவந்த தனியார் பல்கலைக்கழகச் சட்டத்தை வைத்து 112 பல்கலைக்கழகங்கள் முளைத்தன. 2005 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் அந்த ஏற்பாட்டையே ரத்து செய்தது. முந்தின நாள் வரை செல்லுபடியான பல்கலைக்கழகங்கள், மறுநாள் இல்லை.

மறுபக்கமும் இருக்கிறது. அமெரிக்காவில் ‘யூனிவர்சிட்டி ஆஃப் தி பீப்பிள்’ என்று ஒன்றை 2009இல் ஷாய் ரெஷெஃப் என்பவர் தொடங்கினார். முழுக்க இணையத்தில் பாடம், கல்விக் கட்டணம் கிடையாது. 2014 வரை அதற்கு அங்கீகாரம் கிடையாது. அங்கே முறை அப்படி: சில காலம் நடத்திக் காட்டிய பிறகுதான் தர அங்கீகார அமைப்பு உள்ளே வந்து பார்க்கும். அந்த ஐந்து வருஷமும் அது போலியா? பாடம் இருந்தது, வீட்டுப்பாடம் இருந்தது, பரீட்சை இருந்தது. அதே பட்டம் இந்தியாவில் அரசு வேலைக்கு ஆகுமா என்பது வேறு சங்கதி. தமிழில் இரண்டுக்கும் ‘அங்கீகாரம்’ என்ற ஒரே சொல்லை வைத்துக்கொண்டு குழம்புகிறோம். பட்டம் தரும் உரிமை ஒன்று, தரம் பார்த்துக் கொடுக்கும் சான்று இன்னொன்று.

அந்தச் சான்றையும் கண்ணை மூடிக்கொண்டு நம்ப முடியாது. கராச்சியிலிருந்து போலிப் பட்டம் விற்ற ஆக்ஸாக்ட் நிறுவனத்தைப் பற்றி 2015 மே மாதம் நியூயார்க் டைம்ஸ் எழுதியது. குறைந்தது 370 இணையதளங்கள். பல்கலைக்கழகமும் அவர்களே, அதற்கு அங்கீகாரம் தருகிற அமைப்பும் அவர்களே. மாப்பிள்ளையே தரகராகவும் வந்து பெண் கேட்ட கதை.

என்னிடம் ஒரே ஒரு உரைகல்தான் இருக்கிறது. அங்கே யாராவது ஃபெயில் ஆகியிருக்கிறார்களா? ஃபெயில் ஆக வழியில்லாத இடத்தில் பாஸ் என்பதற்கு அர்த்தமே இல்லை. 2004இல் டெக்சாஸில் இருந்த ‘டிரினிட்டி சதர்ன் யூனிவர்சிட்டி’ 299 டாலருக்குப் பட்டம் விற்றது. பென்சில்வேனியா அரசு வழக்கறிஞர் அலுவலகத்தார் சோதித்துப் பார்க்க கால்பி நோலன் என்ற பெயரில் விண்ணப்பித்தார்கள். அதில் எழுதியிருந்த வேலை அனுபவத்தைப் பாராட்டி அந்தப் பல்கலைக்கழகம் எம்.பி.ஏ.வே அனுப்பி வைத்தது. கால்பி ஒரு கறுப்புப் பூனை.

சிரிக்க முடியாத கதையும் உண்டு. 2017 நவம்பரில், அனுமதியில்லாமல் தொலைநிலையில் பொறியியல் நடத்திய நான்கு நிகர்நிலைப் பல்கலைக்கழகங்களின் பட்டங்கள் மீது உச்ச நீதிமன்றம் கை வைத்தது. 2001 முதல் 2005 வரை சேர்ந்தவர்கள் மறுபடி தேர்வு எழுத வேண்டும், அதற்குப் பின் சேர்ந்தவர்களின் பட்டம் ரத்து. அப்படிப் பாதிக்கப்பட்ட ஒருவர் என் எதிரே உட்கார்ந்திருந்தார். நைட் ஷிப்ட் முடித்துவிட்டு நாலு வருஷம் படித்தவர், தன் நோட்டுகளைக் கொண்டு வந்து காட்டினார். அவர் படித்தது நிஜம், பட்டம்தான் செல்லாது. என்னால் அவருக்கு ஒன்றும் செய்ய முடியவில்லை.

இதையெல்லாம் சொல்லிவிட்டுத் தம்பியிடம், “நாளைக்கு அந்த சென்டருக்குப் போய், போன வருஷம் எத்தனை பேர் ஃபெயில்னு மட்டும் கேளு” என்றேன். கேட்டிருக்கிறான். “நம்மகிட்ட ஃபெயிலே கிடையாது சார், நூறு பர்சன்ட் கேரண்டி” என்று பெருமையாகச் சொன்னார்களாம்.

ஜனவரியில் மத்திய அரசின் திறந்தநிலைப் பல்கலைக்கழகமான இக்னோவில் பி.காம். சேர்ந்திருக்கிறான். போன வாரம் போன் வந்தது. “அசைன்மென்ட் எல்லாம் கையாலயே எழுதணுமாம்ணே, விரல் போயிடுச்சு.”