பாடியவர் பெயரைப் போடுங்கள்

நம் மதுரை விழாவில் கட்டியிருந்த ஃப்ளெக்ஸ் பேனரைப் பற்றித்தான் சொல்கிறேன். விழாவுக்குப் போன எல்லோரும் பார்த்திருப்பீர்கள். ‘யாதும் ஊரே யாவரும் கேளிர்’, கீழே ‘திருவள்ளுவர்’, பக்கத்தில் வள்ளுவர் படம். அது கணியன் பூங்குன்றனார் பாடியது. புறநானூறு, 192ஆவது பாட்டு. இதைச் சொன்னதற்குத்தான் ‘நல்ல நாளும் அதுவுமா குறை சொல்ல வந்துட்டார்’ என்று பேச்சு வாங்கினேன்.

வேறெங்கோ நடந்திருந்தால்கூட மனம் ஆறியிருக்கும். பூங்குன்றனாரின் ஊரான பூங்குன்றம் என்று சொல்லப்படும் மகிபாலன்பட்டி, மேலூர் தாண்டித் திருப்புத்தூர்ப் பக்கம்தான். காலையில் மதுரை மாட்டுத்தாவணியில் பஸ் ஏறினால் பொழுது சாய்வதற்குள் திரும்பிவிடலாம். சங்கம் வளர்த்த மதுரை என்று மைக்கில் முழங்கிவிட்டு, பக்கத்து ஊர்க்காரர் பெயரை விட்டுவிடுவதா?

‘யார் சொன்னால் என்ன, கருத்துதானே முக்கியம்’ என்கிறார்கள். அப்படியானால் வள்ளுவர் பெயர் மட்டும் எதற்கு? ‘எப்பொருள் யார்யார்வாய்க் கேட்பினும்’ குறளையும் என்மேல் எறிந்தார்கள். மெய்ப்பொருள் காணச் சொன்ன குறள் அது. பொய்ப் பெயரை ஒட்டச் சொல்லவில்லை. வள்ளுவரும் தமிழர்தானே என்றவருக்கு என்னிடம் பதில் இல்லை.

உலகம் முழுக்க இப்படித்தான் என்றார் படித்த நண்பர் ஒருவர். உண்மைதான். ‘நீ சொல்வதை ஏற்கவில்லை, ஆனால் அதைச் சொல்லும் உன் உரிமைக்காக உயிரையும் கொடுப்பேன்’ என்று பிரெஞ்சு எழுத்தாளர் வால்டேர் சொன்னதாக மேடைக்கு மேடை கேட்கிறோம். எழுதியவர் ஈவ்லின் பியாட்ரிஸ் ஹால் என்ற ஆங்கிலேயப் பெண். வால்டேரின் மனப்போக்கை விளக்க, 1906இல் வந்த தன் புத்தகத்தில் எழுதிய வரி. வால்டேர் 1778இலேயே போய்விட்டார். ஊரெல்லாம் சேர்ந்து அந்தப் பெண்ணின் பெயரை விழுங்கியதால் நாமும் விழுங்க வேண்டுமா?

நம் முன்னோர் அப்படி இருக்கவில்லை. குறுந்தொகை 40ஆவது பாட்டைப் பாடியவர் பெயர் கிடைக்கவில்லை. அதற்காக அப்படியே விட்டுவிடவில்லை. பாட்டில் வரும் ‘செம்புலப் பெயல்நீர்’ என்ற தொடரையே எடுத்து, செம்புலப்பெயனீரார் என்று அவருக்குப் பெயர் வைத்தார்கள். ஓலையில் எழுதிய காலத்தில் அவ்வளவு அக்கறை!

என் அப்பா எங்கள் ஊர்த் திருவிழா நோட்டீஸுக்கு வருஷாவருஷம் வெண்பா எழுதிக் கொடுப்பார். உபயதாரர் பெயர்களெல்லாம் கொட்டை எழுத்தில் வரும், அப்பா பெயர் வராது. பிரஸ்ஸிலிருந்து வந்த கட்டைப் பிரித்ததும் அவர் கண் முதலில் போவது அந்த வெண்பாவுக்குக் கீழேதான். கேட்டால், ‘பாட்டு வந்திருச்சுல்ல, போதும்’ என்பார். போதும் என்று அவர் சொன்னதை நான் ஒருநாளும் நம்பியதில்லை.

அதே ஃப்ளெக்ஸை அடுத்த மாதமும் கட்டப்போவதாகக் கேள்வி. அதற்குள் வள்ளுவர் பெயர்மேல் ‘கணியன் பூங்குன்றனார்’ என்று ஒரு ஸ்டிக்கர் ஒட்டுங்கள். காசு நான் தருகிறேன். என்மேல் கோபப்படுகிறவர்கள் தாராளமாகக் கோபப்படுங்கள், ஆனால் ஒட்டிவிடுங்கள்.