வேவ்டேபிள் பொசிஷன் குமிழ் ஃபில்டர் அல்ல

அலைவடிவங்களின் அட்டவணையிலிருந்து ஒலியை உருவாக்கும் வேவ்டேபிள் சிந்தசைசர் (மின்னணு இசைக்கருவி) பற்றி, “பொசிஷன் குமிழும் ஒரு ஃபில்டர்தான், திருப்பினால் ஒலி பிரகாசமாகும்” என்று நண்பர் ஒருவர் எழுதியிருப்பது, புதிதாகப் பழகுவோரைத் தவறான வழியில் கொண்டுபோய்விடும் என்பதால் இதைத் திருத்த வேண்டியிருக்கிறது. ஃபில்டர், ஏற்கெனவே இருக்கும் ஒலியிலிருந்து சில ஹார்மோனிக்குகளை (அடிப்படை அதிர்வெண்ணின் முழு எண் மடங்குகளை) குறைக்கும்; பொசிஷன் குமிழோ, அட்டவணையில் வரிசையாக வைக்கப்பட்ட ஒற்றைச் சுற்று அலைகளில் எதை ஆசிலேட்டர் (ஒலி அலையை உருவாக்கும் பகுதி) வாசிக்க வேண்டும் என்பதைத் தீர்மானிக்கிறது. சீரம் என்னும் வேவ்டேபிள் சிந்தசைசர் மென்பொருளில் ஓர் அட்டவணையில் 256 அலைகள் வரை இருக்கலாம், ஒவ்வொன்றும் 2048 சாம்பிள்கள் (அலையின் அளவீட்டுப் புள்ளிகள்) கொண்டது.

நேற்றிரவு வெள்ளவத்தையில் என் அறையில் இதை மறுபடி சோதித்தேன். 110 ஹேர்ட்ஸ் சுரத்தில் சதுர அலையை வைத்தால், ஒலியிலுள்ள அதிர்வெண்களைக் காட்டும் ஸ்பெக்ட்ரம் திரையில் 110, 330, 550 என ஒற்றைப்படை ஹார்மோனிக்குகள் மட்டுமே தெரியும். உயர் அதிர்வெண்களைக் குறைக்கும் சாதாரண லோ-பாஸ் ஃபில்டரை எவ்வளவு திருப்பினாலும் 220 இல் எதுவும் முளைக்காது. ஆனால் பொசிஷனைச் சோடூத் (ரம்பப் பல் வடிவ) அலை இருக்கும் இடத்துக்கு நகர்த்தியதும் 220, 440 இரண்டும் எழுந்து நின்றன.

பல அட்டவணைகள் மந்தமான அலையில் தொடங்கிக் கூர்மையான அலையில் முடிவதால்தான் நண்பருக்கு அப்படித் தோன்றியிருக்க வேண்டும், அது இயல்பானதே. வரிசையைத் தலைகீழாக்கிப் பாருங்கள்: அதே குமிழ் அதே திசையில் ஒலியை மங்கச் செய்யும்.