மறுபதிப்பும் சேகரிப்புதான்

ஷூகேஸ் (shoegaze) என்பது கிட்டார் இரைச்சலுக்குள் குரல் கரைந்து ஒலிக்கும் ராக் இசைவகை. முதல் பதிப்பு இல்லாத ஷூகேஸ் இசைத்தட்டைச் சேகரிப்பில் சேர்க்கவே கூடாது என்று ஒரு கட்டுரையாளர் எழுதியிருப்பதை என்னால் ஏற்க முடியவில்லை. முதல் பதிப்புகள் அரிதாகிப்போனதற்கு அவை வெளிவந்த காலமே காரணம். 1990களின் தொடக்கத்தில் பிரிட்டனில் எல்லோரும் சிடிக்கு மாறிக்கொண்டிருந்தார்கள். தட்டுகள் குறைவாகவே அச்சாயின. ஸ்லோடைவ் குழுவின் 'பிக்மேலியன்' 1995இல் வந்தது. வந்த கையோடு, அதை வெளியிட்ட கிரியேஷன் நிறுவனம் குழுவையே கைவிட்டது. அந்தத் தட்டின் முதல் பதிப்பு இன்று யார் கைக்கு எட்டும்?

மை ப்ளடி வேலன்டைன் குழுவின் 'லவ்லெஸ்' 1991இல் வெளியானது. 2018இல் அக்குழுவின் கெவின் ஷீல்ட்ஸ் அதை மூல ஒலிநாடாவிலிருந்து, டிஜிட்டலாக மாற்றாமல் முழுக்க அனலாக் முறையில் தட்டாக மீண்டும் வெட்டி வெளியிட்டார். இசையமைத்தவரே இவ்வளவு மெனக்கெட்ட பிறகு அதை நகல் என்று தள்ளுவது நியாயமா? அடுக்கடுக்கான கிட்டார் இரைச்சலுக்குள் பிலிண்டா புட்சரின் குரல் மெல்லக் கரைந்து வருவதைக் கேட்கத்தானே தட்டு வாங்குகிறோம்!

முதல் பதிப்பைத் தேடுபவர்களுக்கு ஒன்று: உறையை மட்டும் பார்த்து நம்பாதீர்கள். தட்டின் நடு லேபிளை ஒட்டிய வெற்று வளையத்தில், எந்தப் பதிப்பு என்று அறிய உதவும் எண் பொறித்திருக்கும்; அதைப் படம் எடுத்து அனுப்பும்படி விற்பவரிடம் சொல்லுங்கள். நான் அதைக் கேட்காமல் பெரும் பணம் கொடுத்தேன். வந்தது பிற்காலப் பதிப்பு, அதுவும் வளைந்த தட்டு.