பாட்டே இல்லாத படத்துக்குப் பாடல் பொத்தான்

‘அந்த நாள்’ படத்தில் பாட்டு கிடையாது. ஒன்றுகூடக் கிடையாது. பாட்டு இல்லாவிட்டால் விநியோகஸ்தர் படப்பெட்டியைத் தொடவே தயங்கிய காலத்தில், 1954இல், வீணை வாசிப்பில் கொடிகட்டிப் பறந்த எஸ். பாலசந்தரே பாட்டும் வேண்டாம் நடனமும் வேண்டாம் என்று துணிந்து இயக்கிய படம் அது. பழைய படங்களைப் பற்றிப் பேச உட்கார்ந்தால் முதல் ஐந்து நிமிடத்தில் வந்து விழுகிற சேதி இது. அந்தப் படத்தின் டிவிடியைப் போட்டு விற்கிறவருக்கு மட்டும் தெரியவில்லை. முகப்பில் மூன்று பொத்தான்கள் வைத்திருக்கிறார்: முழுப் படம், காட்சிகள், பாடல்கள்.

பாடல்களாம்!

நம்ப முடியாமல் அதை அழுத்தினேன். வேறு ஏதோ ஒரு வண்ணப் படத்தின் பாட்டு, பல்லவியின் நடுவிலிருந்து ஓடத் தொடங்கியது. அது முடிந்ததும் இன்னொன்று. அதற்குப் பிறகு அந்த நிறுவனம் விற்கிற மற்ற டிவிடிகளின் விளம்பரம். உறையில் ‘அந்த நாள்’ என்று அச்சடித்தவர் அந்தப் படத்தை ஒரு தடவைகூடப் பார்க்கவில்லை. பார்த்திருந்தால் இந்தப் பொத்தான் அங்கே வந்திருக்காது. ஒரு படத்தைப் பார்க்காமலேயே அதைத் தகட்டில் ஏற்றி, உறை போட்டு, ‘டிஜிட்டல் முறையில் புதுப்பிக்கப்பட்டது’ என்று தங்க நிற எழுத்தில் முத்திரையும் குத்தி விற்க எப்படி மனம் வருகிறது?

இந்த முகப்புக்கு வந்து சேர்வதற்குள் பட்ட பாடு தனி. தகட்டைப் போட்டவுடன் திருட்டு டிவிடி வாங்காதீர்கள் என்று ஓர் எச்சரிக்கை. நல்ல எச்சரிக்கைதான். ஆனால் அதைக் காட்ட வேண்டியது யாருக்கு? திருட்டுப் பிரதி வாங்கியவனுக்கு அது வராது. அதை வெட்டிவிட்டுத்தான் அவனுக்குத் தருகிறார்கள். முழுக் காசு கொடுத்து வாங்கியவனைத்தான் நிற்கவைத்துத் திருட்டைப் பற்றிப் பாடம் நடத்துகிறார்கள். ரிமோட்டில் எந்தப் பொத்தானை அழுத்தினாலும் அசையாது. பூட்டி வைத்திருக்கிறார்கள். படத்தின் ஒலியைச் சரிசெய்ய நேரமில்லாதவர்களுக்கு ரிமோட்டைப் பூட்ட மட்டும் நேரம் இருந்திருக்கிறது. எச்சரிக்கை முடிந்தால் விளம்பரம், விளம்பரம் முடிந்தால் அவர்களுடைய சின்னம் காது கிழிகிற இசையோடு சுழன்று சுழன்று வருகிறது.

சரி, படம் தொடங்கியது. பெயர்ப் பட்டியலில் பாதி இல்லை. படத்தின் பெயர் வந்தது, ஒரு துள்ளல், நேராகக் கதை. ஒளிப்பதிவு செய்த மாருதி ராவின் பெயரை நான் பார்க்கவே இல்லை. நிழலையும் வெளிச்சத்தையும் வைத்தே இந்தப் படத்தை நிற்கவைத்த மனிதர் அவர். அவர் பெயர் இருக்க வேண்டிய இடத்தில் டிவிடி நிறுவனத்தின் பெயர் இரண்டு முறை வந்தது.

படம் எப்படித் தொடங்கும் என்பது உங்களுக்குத் தெரியும். துப்பாக்கி வெடிக்கிறது, கதாநாயகன் சாகிறான். சிவாஜி கணேசனை எடுத்த எடுப்பிலேயே கொன்றுவிட்டுக் கதை சொல்லத் தொடங்கிய துணிச்சலுக்காகவே அந்தக் காட்சியை எத்தனை முறையும் பார்க்கலாம். இங்கே பார்க்க முடியவில்லை. முகம் அகலமாகிக் கிடக்கிறது. தோள் இரண்டும் திரையின் இரு ஓரத்துக்கும் போய்விட்டன. அந்தக் காலத்துப் படச்சட்டத்தில் அகலத்துக்கும் உயரத்துக்கும் உள்ள விகிதம் ஏறக்குறைய 1.37க்கு 1. இன்றைய டிவி 16க்கு 9. சட்டத்தை அப்படியே வைத்தால் இரு பக்கமும் கறுப்புப் பட்டை வரும். வரட்டுமே! அந்தப் பட்டையைப் பார்த்தால் வாங்குபவன் கோபித்துக்கொள்வான் என்று இவர்களுக்கு யார் சொன்னது? பட்டையை ஒழிக்க வேண்டும் என்று முழுக்க இழுத்தால் ஒவ்வொரு முகமும் சுமார் 30 சதவீதம் அகலமாகும். இழுக்காமல் மேலும் கீழும் வெட்டினால் உயரத்தில் கால் பங்குக்குச் சற்றுக் குறைவாகப் பறிபோகும். இவர்கள் இரண்டையும் பாதிப்பாதி செய்திருக்கிறார்கள். அதாவது கொஞ்சம் வெட்டி, மீதியை இழுத்திருக்கிறார்கள்.

இதை எப்படிக் கண்டுபிடித்தேன் என்றால், பொறுக்க முடியாமல் டிவியில் 4க்கு 3 என்று மாற்றினேன். வெறும் இழுப்பாக மட்டும் இருந்திருந்தால் அதில் சரியாகியிருக்க வேண்டும். ஆகவில்லை. இப்போது எல்லோரும் ஒல்லியாக நீண்டு நின்றார்கள். பண்டரிபாய் நிமிர்ந்து பேசும்போது தலையின் உச்சி சட்டத்துக்கு வெளியே போய்விட்டது. எந்த அளவில் வைத்தாலும் மனிதர்கள் மனிதர்களாகத் தெரியாத ஒரு படத்தைத் தயாரித்திருக்கிறார்கள். தப்பு செய்தால்கூடத் திருத்திக்கொள்ள ஒரு வழி விட்டுவைப்பார்கள். இதில் அந்த வழியும் அடைபட்டுவிட்டது.

மேல் மூலையில் நிறுவனத்தின் சின்னம். தொடக்கம் முதல் கடைசிவரை அங்கேயே உட்கார்ந்திருக்கிறது. விசாரணைக்கு வந்த அதிகாரியாக ஜாவர் சீதாராமன் குனிந்து பேசுகிற ஒவ்வொரு சமயத்திலும் அந்தச் சின்னம் அவர் நெற்றியில் விழுகிறது. அது போதாதென்று அவ்வப்போது அடியில் ஒரு தொலைபேசி எண் வலமிருந்து இடமாக ஓடுகிறது. கொலை நடந்த வீட்டில் ஆளாளுக்கு ஒரு கதை சொல்லிக்கொண்டிருக்கிறார்கள், கீழே மொத்த விற்பனைக்கு அழைக்கச் சொல்லி எண் போகிறது. காசு வாங்கிக்கொண்டு கொடுத்த பொருளின் மேல் எதற்கு இன்னொரு விளம்பரம்?

‘டிஜிட்டல் முறையில் புதுப்பிக்கப்பட்டது’ என்ற முத்திரைக்கு வருகிறேன். யாராவது நடந்தால், கையை வீசினால், உருவத்தின் விளிம்பில் சீப்பின் பற்கள் போலக் கோடுகள் கிளம்புகின்றன. டிவி ஒளிபரப்புக்காக எப்போதோ எடுத்த வீடியோ நாடாவிலிருந்து அள்ளி ஊற்றியிருக்கிறார்கள் என்பதற்கு இதைவிடச் சாட்சி வேண்டாம். ஃபிலிமை இவர்கள் தொடக்கூட இல்லை. அந்த நாடாப் படத்தையும் சும்மா விடாமல், புள்ளிகளை நீக்குகிறோம் என்று ஃபிலிமுக்கே உரிய நுண்ணிய மணித்துகள்களை (கிரெயின் என்பார்கள்) வழித்தெடுத்திருக்கிறார்கள். கன்னத்தில் தோல் இல்லை, மெழுகு இருக்கிறது. கறுப்பாக இருக்க வேண்டிய இருட்டு சாம்பல் நிறத்தில் வெளிறிக் கிடக்கிறது. நிழலில் யார் நிற்கிறார் என்பதுதான் கதை, நிழலே இல்லை. இரைச்சலை நீக்குகிறோம் என்று ஒலியிலும் கைவைத்து, ‘ச’வும் ‘ஸ’வும் காதில் விழாமல் செய்திருக்கிறார்கள்.

எல்லாவற்றுக்கும் மேலாக, ஒரு சாட்சி சொல்லிக்கொண்டிருக்கும்போதே படம் துள்ளியது. வாக்கியம் பாதியில் நிற்க, அடுத்த காட்சி வந்துவிட்டது. வேறு படமாக இருந்தால் பல்லைக் கடித்துக்கொண்டு விட்டிருப்பேன். ஒரே சம்பவத்தை ஆளுக்கொரு விதமாகச் சொல்கிற கதையில், யார் எதைச் சொன்னார், எதை விட்டார் என்பதை ஒட்டியே நாம் கொலையாளியைத் தேடுகிற கதையில், சாட்சியின் பேச்சை வெட்டிவிட்டால் அங்கே மிச்சம் என்ன? அத்தோடு நிறுத்திவிட்டேன்.

நாம் என்ன கேட்டுவிட்டோம்? பாலசந்தர் எடுத்த படத்தை, எடுத்த அளவில், எடுத்த நீளத்தில், மூலையில் முத்திரை குத்தாமல் கொடுங்கள் என்கிறோம். மும்பையிலும் லண்டனிலும் உட்கார்ந்திருக்கிறவர்களுக்கும் புரிய ஒழுங்கான வசனவரி போடுங்கள் என்கிறோம். ஒரே தகட்டில் மூன்று படங்களைத் திணித்து மூன்றையும் மங்கலாக்காதீர்கள் என்கிறோம். இரட்டை அடுக்கு டிவிடியிலேயே 8.5 ஜிபி இடம் இருக்கிறது, புளூரேயில் 50 ஜிபி இருக்கிறது. ஒரு படத்துக்கு ஒரு தகடு கொடுத்தால் குடியா முழுகிப்போகும்?

‘சந்திரலேகா’வின் முரசு நடனத்தை நல்ல ஸ்கேனிலிருந்து எடுத்த புளூரேயில் பார்க்க வேண்டும் என்பது என் நெடுநாள் ஆசை. தமிழின் முதல் சினிமாஸ்கோப் படமான ‘ராஜராஜ சோழன்’ 1973இல் வந்தது. அதை முழு அகலத்தில் வீட்டில் பார்க்க வேண்டும். டிவியில் பார்த்ததெல்லாம் இரு பக்கமும் வெட்டியது. பேசுகிறவர் ஒருவர், கேட்கிறவர் சட்டத்துக்கு வெளியே. அகலத் திரைக்கென்று எடுத்த படத்தைப் பழைய டிவிச் சதுரத்துக்கு வெட்டினால் ஐந்தில் இரண்டு பங்குக்கு மேல் போய்விடும் என்பதைக் கணக்குப் போட்டுப் பார்த்துக்கொள்ளுங்கள். வெள்ளைக்கார அரசு தடைசெய்த ‘தியாகபூமி’யைக் கட்டுரைகளில் படித்துப் படித்தே நம் காலம் போகிறது.

முடியாத காரியம் ஒன்றும் இல்லை. அபு என்பவனின் வாழ்க்கையைச் சொல்லும் சத்யஜித் ராயின் மூன்று படங்களின் மூல நெகட்டிவ் 1993இல் லண்டனில் ஒரு லேபில் நடந்த தீ விபத்தில் கருகிப்போனது. கருகியதைத் தூக்கி எறியவில்லை. பிறகு இத்தாலியில் பொலோன்யா நகரத்து நிபுணர்கள் அந்தச் சுருளை நனைத்து இளக்கி, எரியாமல் தப்பியதை ஒவ்வொரு அங்குலமாக மீட்டார்கள். மீளாத பகுதிகளுக்கு வேறு பிரதிகளைத் தேடிச் சேர்த்தார்கள். 2015இல் படங்கள் புதிதாக வெளிவந்தன, புளூரேயும் வந்தது. எரிந்துபோன நெகட்டிவிலிருந்து அது வருகிறது. எரியாத நெகட்டிவிலிருந்து நமக்குக் குண்டு முகம் வருகிறது!

இன்னொன்று சொல்கிறேன், இதுதான் எனக்கு அடிவயிற்றில் எரிகிறது. நடனக் கலைஞர் உதய் சங்கரின் ‘கல்பனா’ 1948இல் வந்தது. எடுத்த இடம் சென்னை, ஜெமினி ஸ்டுடியோ. அதே ஆண்டு, அதே ஸ்டுடியோ, ‘சந்திரலேகா’. ‘கல்பனா’வை ஹாலிவுட் இயக்குநர் மார்ட்டின் ஸ்கார்செஸி தொடங்கிய அமைப்பு மீட்டெடுத்தது, 2012இல் கான் திரைப்பட விழாவில் திரையிட்டார்கள், அமெரிக்காவில் புளூரேயும் போட்டார்கள். அங்கே யாரோ ஒருவர் அக்கறைப்பட்டார். நம் ஊரில் எடுத்த படத்துக்கு நாம் படாத அக்கறை.

யார் வாங்குவார்கள் என்று கேட்பார்கள். ‘கர்ணன்’ 1964இல் வந்த படம். 2012இல் டிஜிட்டலில் புதுப்பித்துத் திரையரங்குகளில் விட்டார்கள். கூட்டம் வந்தது, வாரக்கணக்கில் ஓடியது. அதன்பிறகும் இந்தக் கேள்வியைக் கேட்கிறார்கள்.

உரிமைச் சிக்கல் என்பார்கள். 1957ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டப்படி திரைப்படத்துக்கு வெளியான ஆண்டுக்கு அடுத்த ஆண்டிலிருந்து 60 ஆண்டுகள்தான் உரிமை. 1964 வரை வந்த படங்களுக்கு அது முடிந்துவிட்டது. முடிந்து என்ன பயன்? நல்ல பிரதியும் நெகட்டிவும் எங்கோ ஒரு பெட்டிக்குள் இருக்கின்றன. வெளியே புழங்குவது அதே வீடியோ நாடா. யார் வேண்டுமானாலும் வெளியிடலாம் என்றானதும் ஆளாளுக்கு அந்த நாடாவையே இன்னும் கொஞ்சம் இழுத்து, தங்கள் சின்னத்தைப் பழைய சின்னத்தின் மேலேயே ஒட்டுகிறார்கள். ஒரு மூலையில் இரண்டு சின்னங்களோடு ஓடுகிற படத்தை நான் பார்த்திருக்கிறேன்.

அந்தப் பெட்டிகள் காத்திருக்கும் என்று நினைக்கிறார்களா? 1950களின் தொடக்கம் வரை புழங்கிய நைட்ரேட் ஃபிலிம் தீப்பற்றினால் அணைக்க முடியாது. புனேயில் தேசியத் திரைப்பட ஆவணக் காப்பகத்தின் நைட்ரேட் சுருள்கள் 2003இல் எரிந்தன. பின்னால் வந்த அசிடேட் ஃபிலிம் சூட்டிலும் ஈரத்திலும் வினிகர் வாடை அடித்துச் சுருங்கி நொறுங்குகிறது. கறுப்பு வெள்ளைப் பிரிண்டுகளில் இருந்த வெள்ளிக்காக அவற்றைக் கழுவிக் காசாக்கியதும் நடந்திருக்கிறது. 1931இல் வந்த முதல் தமிழ்ப் பேசும் படம் ‘காளிதாஸ்’ இன்று எங்கும் இல்லை. அதன் கதாநாயகி டி. பி. ராஜலட்சுமி திரையில் எப்படிப் பேசினார், எப்படி நடந்தார் என்பதைக் காட்ட அதன் ஒரு சுருள்கூட மிஞ்சவில்லை. அந்தப் புனே காப்பகமே 1964இல்தான் தொடங்கியது. அதற்குள் எத்தனை போயிற்றோ. இருக்கிறதையாவது ஒழுங்காக எடுங்கள் என்றால், பாடல்கள் என்று ஒரு பொத்தானை வைத்துக் கொடுக்கிறார்கள்.

பாட்டு என்றதும் இதையும் கொட்டிவிடுகிறேன், இதற்கும் அதற்கும் சம்பந்தம் இல்லை. எந்தப் பழைய பாட்டைப் போட்டாலும் எழுதியவர் கண்ணதாசன் என்று கூசாமல் அறிவிக்கிறார்களே, அது ஏன்? கண்ணதாசன் மேல் எனக்கும் உயிர். அவருக்கு அடுத்தவர் பாட்டைக் கடன் வாங்கிப் பெருமை சேர்க்கத் தேவையில்லை. ‘அமுதைப் பொழியும் நிலவே’ எழுதியவர் கு. மா. பாலசுப்பிரமணியம். ‘தங்கமலை ரகசியம்’, 1957. படத்தின் பெயர்ப் பட்டியலில் போட்டிருக்கிறது. அதை வெட்டாமல் விட்டிருக்கிற பிரதி கிடைத்தால் பார்த்துக்கொள்ளட்டும்.