போர் தண்ணிய டெஸ்ட் பண்ணாம குடிக்காதீங்க

"போர் தண்ணி தானே, ஆழத்துலேர்ந்து வருது, சுத்தமாத்தான் இருக்கும்"னு யாராவது சொன்னா எனக்கு உடனே பங்களாதேஷ்தான் ஞாபகம் வருது. பூமிக்கடியில தண்ணி சும்மா தேங்கிக் கிடக்கலங்க, வெளிச்சமே இல்லாத அந்த இடத்துல கோடிக்கணக்குல பாக்டீரியா வாழுது, அதுங்க என்ன சாப்பிடுது எப்படி மூச்சு விடுதுங்கறத வச்சே அந்தத் தண்ணியோட குணம் மாறிடுது.

பங்களாதேஷ்ல குளத்துத் தண்ணி குடிச்சு காலராவுலயும் வயித்துப்போக்குலயும் குழந்தைங்க செத்துக்கிட்டு இருந்தாங்கன்னு 1970கள்ல யுனிசெஃப் உதவியோட ஊர் ஊரா அடிபம்பு இறக்கினாங்க. நல்ல எண்ணம்தான், அதுல சந்தேகமே இல்ல. ஆனா தண்ணில ஆர்சனிக்ங்கற விஷம் இருக்கான்னு யாரும் பார்க்கல. இந்தப் பக்கம் மேற்கு வங்காளத்துல, உடம்புல கரும்புள்ளி, உள்ளங்கை தடிச்சுப்போய் வந்த கிராமத்து ஜனங்களப் பார்த்து 1983லயே இது ஆர்சனிக்னு கண்டுபிடிச்சார் கொல்கத்தா தோல் டாக்டர் கே.சி. சாஹா. எல்லைக்கு அந்தப் பக்கம் கிணத்துல இருக்குன்னு உறுதியானது 1993ல. நடுவுல பத்து வருஷம், அத்தனை பேரும் அதையேதான் குடிச்சாங்க.

எப்படி வந்துச்சுன்னா, கங்கையும் பிரம்மபுத்திராவும் இமயமலைலேர்ந்து அடிச்சுக்கிட்டு வந்த வண்டல்ல துருப்பிடிச்ச இரும்பு இருக்கு, அதுல ஆர்சனிக் ஒட்டிக்கிட்டு இருக்கு, ஒட்டியிருக்கிற வரைக்கும் ஒண்ணும் இல்ல. ஆனா கூடவே புதைஞ்ச இலை தழையெல்லாம் பாக்டீரியாவுக்கு சாப்பாடு, அத தின்னு தின்னு ஆக்சிஜன் தீர்ந்து போகுது, அப்புறம் வேற பாக்டீரியா ஆக்சிஜனுக்கு பதிலா அந்த இரும்ப வச்சே மூச்சு விடுது, இரும்பு கரையுது, ஆர்சனிக் தண்ணில இறங்கிடுது. 2004ல மான்செஸ்டர் ஆராய்ச்சியாளர்கள் மேற்கு வங்காளத்து மண்ண எடுத்து லேப்லயே இத காட்டினாங்க.

பாக்டீரியா மேல எனக்கு கோபம் இல்ல, அதுங்க நமக்கு முன்னாடியே அங்க இருக்கு. எத்தன பம்பு போட்டோம்னு மட்டும் கணக்கு வச்சுட்டு தண்ணிக்குள்ள என்ன இருக்குன்னு கேக்காம விட்ட திட்டத்து மேலதான் கோபம். அப்புறம் சுமார் 50 லட்சம் கிணத்த டெஸ்ட் பண்ணி, கெட்டதுக்கு சிவப்பு, நல்லதுக்கு பச்சைன்னு பெயின்ட் அடிச்சாங்க. ஒரு வீட்டுல சிவப்பு, பக்கத்து வீட்டுல பச்சை, அப்படித்தான் மாறும். ஆனா அதுக்கப்புறம் ஜனங்க சொந்தக் காசுல போட்ட கிணறுங்க நிறைய டெஸ்ட் பண்ணாமலே ஓடுது.

நம்ம தர்மபுரி பக்கம் ஃப்ளோரைடு பாறைலேர்ந்து வருது, அது வேற கதை, ஆனா கண்ணுக்குத் தெரியாதுங்கறதுல ரெண்டும் ஒண்ணுதான். ஆர்சனிக்குக்கு நிறம், வாசனை, ருசி எதுவும் கிடையாது, கொதிக்க வச்சா கிருமி சாகும், இது போகாது. லிட்டருக்கு 10 மைக்ரோகிராம்தான் உலக சுகாதார நிறுவனம் சொல்ற வரம்பு. நம்ம குடிநீர் வடிகால் வாரியத்துக்கு மாவட்டங்கள்ல லேப் இருக்கு, கோடைல ஒரு தடவ, மழைக்கு அப்புறம் ஒரு தடவ உங்க போர் தண்ணிய குடுத்துப் பாருங்க, புதுசா போர் போடறவங்க குடிக்க ஆரம்பிக்கிறதுக்கு முன்னாடியே குடுங்க.