சைரன் கம்பத்தின் உயரம் பற்றி ஒரு திருத்தம்

அமெரிக்காவில் டொர்னேடோ (சுழல்காற்று) எச்சரிக்கை சைரன்களை 200 அடிக்கு மேலான கோபுரங்களில்தான் வைப்பார்கள், உயரம் இரட்டித்தால் சத்தம் போகும் தூரமும் இரட்டிக்கும் என்று மேலே ஒரு நண்பர் எழுதியிருக்கிறார். பலர் பகிர்ந்திருப்பதால் சொல்கிறேன், இது சரியல்ல.

அங்கே பெரும்பாலான சைரன்கள் நிற்பது ஏறத்தாழ 40 முதல் 50 அடி உயரத்தில், சாதாரண மின்கம்பம் போன்ற கம்பத்தில். சில ஊர்களில் கட்டடக் கூரையிலும் உண்டு. அந்த உயரத்துக்குக் காரணம் இரண்டு. பக்கத்து வீட்டுக் கூரையும் மரமும் சத்தத்தை மறைக்கக் கூடாது. கீழே நடந்துபோகிறவரின் காதும் கெடக் கூடாது. இரண்டாவதை யாரும் பேசுவதே இல்லை!

தூரத்தை முக்கியமாகத் தீர்மானிப்பது சைரனின் ஒலித்திறன். 100 அடி தொலைவில் இத்தனை டெசிபல் என்று தயாரிப்பாளர்கள் குறிப்பிடுவார்கள். தூரம் இரட்டிக்கும் ஒவ்வொரு முறையும் சுமார் 10 டெசிபல் குறையும் என்பது திட்டமிடுவோர் வழக்கமாக வைத்துக்கொள்ளும் கணக்கு. 100 அடியில் 120 என்றால் 3,200 அடியில் 70. காற்றும் நில அமைப்பும் இதை மாற்றும். கம்பத்தை இன்னும் 100 அடி ஏற்றினால் தூரம் இரட்டிக்காது.

சரிபார்க்க: அமெரிக்க அரசின் பேரிடர் மேலாண்மை அமைப்பான ஃபீமா 1980இல் வெளியிட்ட வெளிப்புற எச்சரிக்கை வழிகாட்டி இணையத்தில் இலவசமாகக் கிடைக்கிறது. இல்லையென்றால் கூகுள் ஸ்ட்ரீட் வியூவில் ஓக்லஹோமாவின் மூர் நகரத் தெருக்களில் ஒரு சைரனைத் தேடி, பக்கத்து மின்கம்பத்தோடு ஒப்பிட்டுப் பாருங்கள். சைரன் அமைப்பதற்கான டெண்டர் குறிப்பில் 50 அடிக் கம்பம் என்றிருந்தால், அதில் சில அடி மண்ணுக்குள் போய்விடும் என்பதையும் கழித்துக்கொள்ளுங்கள்.